சொல்லும் பொருளும்: படம் சுமக்கும் கழுதை

சென்ற இதழில் கரும்பலகை என்ற சொல்லைப் பற்றி எழுதியபோது, பழைய பாடசாலைகளில் அப்பலகை சாய்ந்து நின்ற மூன்று கால் மரச்சட்டத்தை ஆங்கிலத்தில் ஈஸல் என்பர் என்று ஒரு வரி எழுதி, மேலே எதுவும் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஆதலால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அச்சொல்லுக்கே ஒதுக்குகிறேன்.

வினா: ஐயா, நான் பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். ஓவியருக்கு வேலையை இலகுவாக்குவதால், இலகு என்னும் பொருளுடைய 'ஈஸ்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து 'ஈஸல்' பிறந்தது என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லி வருகிறேன். அது சரிதானா? (ஒரு சித்திர ஆசிரியை, கோண்டாவில்)

விடை: அந்த விளக்கம் பிழையானது, ஆசிரியை அவர்களே. கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதனாலேயே அது வகுப்பறைகளில் இத்தனை காலம் நிலைத்துவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளோடு தொடங்குகின்றன. அக்கருவி ஓவியரின் வேலையை இலகுவாக்குவதும் உண்மை. எனவே ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் இலகு, ஆறுதல் என்னும் பொருளுடைய 'ஈஸ்' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ஈஸல்' வந்த வழி வேறு. அது ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, கடன் வாங்கப்பட்டது.

ஒல்லாந்தர் மொழியில் 'ஏஸல்' என்றால் கழுதை. இன்றைக்கும் அம்மொழியில் அந்த விலங்குக்கும் ஓவியர் முன்னால் நிற்கும் அந்த மரத்துக்கும் இதே சொல்தான் வழங்குகிறது; மயக்கம் வரக்கூடிய இடத்தில் மட்டும் 'ஓவியரின் கழுதை' என்று பொருள்படும்படி ஓவியர் என்ற சொல்லை முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். வேரைத் தேடிப் போனால் கழுதையைக் குறிக்கும் 'அஸினுஸ்' என்ற இலத்தீன் சொல்லில் போய் நிற்போம். ஜெர்மன் மொழியில் கழுதைக்குரிய 'ஏஸல்' என்ற சொல்லும், ஆங்கிலத்தில் கழுதைக்குரிய பழைய சொல்லான 'ஆஸ்' என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே ஆங்கிலத்தில் 'ஆஸ்', 'ஈஸல்' ஆகிய இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமற் போன இரத்த உறவுகள். முன்னது விலங்காகவே இருந்துவிட, பின்னது ஒல்லாந்தில் மரமாகி ஆங்கிலத்துக்கு வந்தது.

விலங்கின் பெயர் மரத்துக்கு வந்த காரணம் சுமை. கழுதை தன் பொருளைச் சுமப்பதில்லை. யாரோ ஏற்றிவிட்ட பொதியைச் சுமந்துகொண்டு, இறக்கும் வரை நிற்கும். ஓவியரின் மரச்சட்டமும் அப்படியே. ஓவியர் பலகையை ஏற்றுகிறார், பல நாள் அதன்மேல் வேலை செய்கிறார், முடிந்ததும் இறக்கி வேறொன்றை ஏற்றுகிறார். உரிய இடத்தில் நிற்பதையும் தாங்குவதையும் தவிர அதற்கு வேறு தொழில் இல்லை.

ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டது 16ஆம் நூற்றாண்டின் முடிவுக்கும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்ட காலத்தில். அக்காலத்தில் ஒல்லாந்தின் நகரங்களில் ஓவியம் வீட்டுச் சுவருக்கு வாங்கிப் போகும் பொருளாக இருந்தது. ஓவியர் தொழிற்கூடங்கள் நிறைந்திருந்தன. தொழில் எங்கே செழித்ததோ அங்கேயிருந்துதான் தொழிற்சொற்களும் புறப்படும். இயற்கைக் காட்சி ஓவியத்தைக் குறிக்கும் 'லாண்ட்ஸ்கேப்', முன்வரைவைக் குறிக்கும் 'ஸ்கெட்ச்', செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கும் 'எச்சிங்', பழங்களையும் பாத்திரங்களையும் வைத்து வரையும் 'ஸ்டில் லைஃப்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் ஒல்லாந்தர் மொழியிலிருந்து போனவையே. எனவே உங்கள் மாணவருக்கு ஈஸல் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுக்காமல், ஓவியத் தொழிலோடு சேர்ந்து கடல் கடந்த இந்தச் சொற்கூட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

வகுப்பில் காட்டத்தக்க ஒரு படமும் உண்டு. ஒல்லாந்து ஓவியரான ரெம்பிராண்ட் தம் இளமையில், ஏறத்தாழ 1628இல், ஓவியரின் தொழிற்கூடம் ஒன்றைச் சிறிய பலகையில் வரைந்தார். அது இப்போது அமெரிக்காவின் பொஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படத்தில் ஓவியர் சுவரோரமாகச் சிறு பையன் அளவில் நிற்க, முன்னால் பேருருவமாக நிற்பது ஈஸல்தான். அதன் முதுகுப்புறமே நமக்குத் தெரிகிறது. ஏற்றியிருக்கும் பலகையில் என்ன வரைந்திருக்கிறது என்பதை நாம் பார்க்க முடியாது. கீழ்ப்பகுதியில் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தை உற்றுப் பாருங்கள்: அதில் இரண்டு இடங்கள் தேய்ந்து குழிந்திருக்கின்றன. உட்கார்ந்து வரைந்தவர் நெடுங்காலமாகத் தம் இரு பாதங்களையும் ஊன்றிய இடங்கள் அவை. அந்தத் தேய்வையும் வரைய வேண்டும் என்று இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞருக்குத் தோன்றியிருக்கிறது. சுமக்கும் மரத்தை அவ்வளவு மதிப்போடு பார்த்த வேறொரு படத்தை நான் அறியேன்.

வினா: பத்திரிகைகளில் 'ஈசல்' என்று அச்சிடுகிறார்கள். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசலுக்கும் இதற்கும் எழுத்தில் வேறுபாடு வேண்டாமா? (ஒரு மாணவன், நல்லூர்)

விடை: கட்டாயம் வேண்டும். ஈசல் நம் சொந்தச் சொல். மாரி தொடங்கிய கையோடு, மழை விட்ட மாலையில், கறையான் புற்றிலிருந்து இறகு முளைத்துப் புறப்பட்டு வரும் பூச்சி அது. 'ஓவியர் ஈசலின் முன் நின்றார்' என்று ஒரு வரியைப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலில் பூச்சியைத்தான் காணும். ஆங்கிலச் சொல்லின் நடுவே வரும் ஒலிக்குத் தமிழில் சரியான எழுத்து இல்லை. ஸகரமும் அதனை முழுதாகத் தராது. ஆயினும் 'ஈஸல்' என்று எழுதினால் இது பிறமொழிச் சொல் என்பதாவது உடனே விளங்கும். கிரந்த எழுத்தை விரும்பாதவர் ஈசல் என்று எழுதுவதிலும் பார்க்கத் தமிழ்ச் சொல்லையே எழுதிவிடுவது நல்லது. அந்தத் தமிழ்ச் சொல் எது என்பதைக் கீழே வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வினா: எங்கள் தீவுக்கு டெல்ஃப்ட் என்று தம் ஊர்ப் பெயரை வைத்தவர்கள் ஒல்லாந்தர். ஈஸல் அவர்களுடைய சொல் என்று அறிந்தேன். மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இது கழுதைதானா? ஒல்லாந்தர் இத்தனை காலம் யாழ்ப்பாணத்தை ஆண்டும் அந்தச் சொல் ஏன் நேரே நம் பேச்சுக்கு வரவில்லை? (ஒரு வாசகர், நெடுந்தீவு)

விடை: இவ்வினா நெடுந்தீவிலிருந்து வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் முதற்பகுதிக்குரிய விடை உங்கள் தீவின் வெளிகளில் மேய்ந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இக்கருவியைச் 'ஷெவலே' என்கின்றனர். இத்தாலியர் 'கவலெத்தோ' என்கின்றனர். இரண்டுக்கும் சிறு குதிரை என்பதே பொருள். ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளிலும் குதிரையிலிருந்து பிறந்த சொற்களே வழங்குகின்றன. கழுதையைப் பார்க்க வேண்டுமானால் நம் நாட்டில் மன்னாருக்குப் போக வேண்டும், குதிரை தன் விருப்பத்துக்கு அலைவதைப் பார்க்க வேண்டுமானால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும் என்போமே, அவ்வாறே ஐரோப்பிய மொழிகளும் இந்த ஒரு பொருளுக்குப் பெயர் தேடி இரண்டு ஊர்களுக்குப் போயிருக்கின்றன. ஜெர்மானியர் மட்டும் விலங்கை விட்டுவிட்டு, படி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து 'ஸ்டஃபெலை' என்று பெயரிட்டனர். பலகையை உயர்த்தவும் தாழ்த்தவும் முன்கால்களில் ஏணிப் படிபோல வரிசையாக இருந்த இடங்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் வெகு காலம் முன்பே, கேடயத்தைச் சாத்தி வைக்கும் மூன்று கால் தாங்கியைக் கிரேக்கர் 'கில்லிபாஸ்' என்றனர். அதன் முதற்பகுதியான 'கில்லோஸ்' என்பது கழுதை.

பிரெஞ்சுச் சொல்லில் எனக்குப் பெருவியப்பைத் தந்த செய்தி ஒன்று உண்டு. 'ஷெவலே' என்பது ஓவியரின் தாங்கிக்கு மட்டும் உரிய பெயர் அன்று. வயலினில் தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் சிறு மரத்துண்டுக்கும் அதுவே பெயர். நம்முடைய வீணை வித்துவான்களிடமும் வயலின் ஆசிரியர்களிடமும் அதே உறுப்பின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்; 'குதிரை' என்று சொல்வார்கள். மருதனார்மடத்தில் வீணை பயிலும் பிள்ளைக்கு இது அன்றாடச் சொல். வீணைக் குடத்தின்மேல் நிற்கும் அந்தக் குதிரையின் முதுகில் பித்தளைத் தகடு பதித்திருக்கும். நான்கு தந்திகளும் அதன்மேல் ஏறிப் போகும். வயலினிலோ குதிரையை ஒட்டுவதுகூட இல்லை. தந்திகளின் இழுவிசையே அதை நிறுத்தி வைக்கிறது, தந்திகளை முற்றாகத் தளர்த்தினால் அது சரிந்து விழுந்துவிடும். ஒரு சுமையை மேலே ஏந்தி அசையாது நிற்கும் சிறு மரத்தைப் பார்த்ததும் குதிரை என்று சொல்லத் தோன்றியது பிரெஞ்சுக்காரருக்கும் நமக்கும் ஒன்றுபோல. எவரும் எவரிடமிருந்தும் பெற்றதாக நான் கருதவில்லை. சுமக்கும் விலங்கோடு வாழ்ந்த மனிதர் எங்கும் ஒரே விதமாகப் பார்த்திருக்கிறார்கள்.

இனி இரண்டாவது பகுதி. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். அந்த 137 வருடத்தில் அவர்களிடமிருந்து நம் பேச்சுக்கு வந்த சொற்கள் போர்த்துக்கேயச் சொற்களிலும் குறைவு. வந்தவை பெரும்பாலும் எழுத்து வேலையும் நிருவாகமும் சார்ந்தவை. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் அவர்களுடையது, உறுதி எழுதுபவரைக் குறிக்கும் நொத்தாரிசு அவர்களுடையது, மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியும் அவர்களுடையதே. அந்த லாச்சி பொருந்தியிருக்கும் மேசையும், பக்கத்தில் போடும் கதிரையும், பின்னால் நிற்கும் அலுமாரியும், விறாந்தையில் கிடக்கும் நீள இருக்கையான வாங்கும் போர்த்துக்கேயரிடமிருந்து முன்பே வந்துவிட்டன. ஒரு பிறமொழிச் சொல் மக்கள் வாயில் நிலைக்க வேண்டுமானால் அந்தப் பொருள் மக்களின் கைக்கு வர வேண்டும். கந்தோருக்கு மனுவோடு போன விவசாயிக்கு லாச்சி தெரிந்தது. ஓவியரின் கழுதையை அவர் எங்கே கண்டிருப்பார்? ஆகவே அச்சொல் கோட்டை மதிலைத் தாண்டி வெளியே வரவில்லை. பின்னர் ஆங்கிலத்தின் வழியாக, ஆங்கில உச்சரிப்போடு, பாடசாலைக்குள் நுழைந்தது.

உங்கள் தீவுக்குப் பெயர் தந்த டெல்ஃப்ட் நகரத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். உலகப் புகழ் பெற்ற வெர்மேர் என்ற ஓவியர் அந்நகரத்தவர். அவர் 1675இல் கடனாளியாக இறந்தபின், 1676 பெப்ரவரியில் அவருடைய வீட்டுப் பொருள்களுக்கு ஒரு விவரப்பட்டியல் எழுதினார்கள். அவர் வேலை செய்த அறையில் இருந்தவையாக அதில் காணப்படுவன: இரண்டு ஈஸல்கள், வண்ணம் குழைக்கும் தட்டுகள் மூன்று, பத்துக் கன்வஸ்கள், இன்னும் சில சில்லறைப் பொருள்கள். 'ஓவியரின் கழுதை இரண்டு' என்று அந்த எழுத்தர் எழுதிய காலத்தில் அதே ஒல்லாந்தரின் கொடி நம் கோட்டையில் ஏறத்தாழ 18 வருடமாகப் பறந்துகொண்டிருந்தது. டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் கடல் கடந்து வந்து உங்கள் தீவில் தங்கியது; அந்தச் சொல் அங்கேயே நின்றுவிட்டது.

வினா: வரைசட்டம், முக்காலி, படச்சட்டந்தாங்கி, ஓவியத் தாங்கி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். தாங்கள் எதனை ஏற்பீர்கள்? காரணத்தோடு விளக்க வேண்டுகிறேன். (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாவகச்சேரி)

விடை: ஐயா, தங்களைப் போன்றவர் கேட்கும்போது எண்ணிப் பார்த்தே விடை எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வரைசட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. நம் நாட்டில் சட்டவரைபு, வரைபுச் சட்டமூலம் என்ற சொற்கள் செய்தித்தாளில் அடிக்கடி வருகின்றன. வரைசட்டம் என்று கண்டதும் வாசகரின் மனம் பாராளுமன்றத்துக்குத்தான் போகும். அதுவுமன்றி, சட்டம் என்பது படத்தைச் சுற்றி அடைக்கும் நாற்புறச் சட்டத்தையும் குறிப்பதால் மேலும் ஒரு மயக்கம் உண்டாகும். படச்சட்டந்தாங்கி அந்த மயக்கத்தை நீக்க முயன்று வேறொரு பிழையில் விழுகிறது: வரைந்துகொண்டிருக்கும் படத்துக்கு அப்போது சட்டமே கிடையாது, சட்டம் அடிப்பது முடிந்த பிறகு. முக்காலி அழகான சொல். ஆயினும் அது உட்காரும் பொருளுக்கும், புகைப்படக் கருவியைப் பொருத்தும் மூன்று கால்களுக்கும் முன்பே வழங்குகிறது. தொழிற்கூடத்தில் நிற்கும் பெரிய ஈஸல்களுக்கோ அகலமான நாலு பாதங்கள் உண்டு. காலை எண்ணிப் பெயரிட்டால் கால் கூடும்போது பெயர் பொய்த்துவிடும்.

எஞ்சுவது தாங்கி. அச்சொல்லை நான் மனமார ஏற்கிறேன். அதற்கு நம் தெருவோரமே சான்று. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, ஆளின் தோளுயரத்தில் அமைத்த சுமைதாங்கிகளை யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் இன்றைக்கும் இடையிடையே காணலாம். கர்ப்பிணியாய் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்க முடியாமற் போன சுமையை எண்ணி, உறவினர் கட்டி வைத்தவை பல. தலைச்சுமையோடு நெடுந்தூரம் வந்தவர், இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து, இளைப்பாறி, மீண்டும் தலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அந்த உயரம் அதற்காகத்தான். ஈஸல் செய்வதும் இதுவன்றோ? ஏற்றவும் இறக்கவும் ஏற்ற உயரத்தில், தனி ஒருவருக்கு உதவியாக நின்று தாங்குகிறது. கழுதையும் குதிரையும் அவர்களுக்குத் தந்த படிமத்தை நமக்குச் சுமைதாங்கிக் கல் முன்பே தந்திருக்கிறது.

கழுதையை நேசிப்பவர் எவரேனும் குறைப்பட்டால் அவருக்கும் ஒரு செய்தி உண்டு. பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதிகளைச் சுமந்து வணிகரோடு போகும் கழுதைக் கூட்டம் வருகிறது. இருபுறமும் ஒத்த பாரமாகப் பிணைத்த பொதியைப் 'புணர்ப்பொறை' என்றும், அதைத் 'தாங்கிய' தழும்பேறிய வலிய முதுகு என்றும், நிமிர்ந்த காதுகளையுடைய 'அணர்ச்செவிக் கழுதைச் சாத்து' என்றும் புலவர் பாடுகிறார். கழுதையின் தொழிலுக்குத் தாங்குதல் என்ற வினையை நம் புலவர் அன்றே கொடுத்துவிட்டார். தாங்கி என்று நாம் பெயரிடும்போது ஒல்லாந்தரின் படிமத்தையும் இழந்துவிடவில்லை.

ஆனால் தாங்கி என்று தனித்து எழுதுவது போதாது. நம் ஊரில் தாங்கி என்றால் வீட்டு முற்றத்து நீர்த்தாங்கி நினைவுக்கு வரும். போரைக் கண்ட தலைமுறைக்கு இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்த யுத்ததாங்கியும் நினைவுக்கு வரும். எனவே எதைத் தாங்குவது என்பதை முன்னால் வைக்க வேண்டும். ஓவியத்தைத் தாங்குவது ஓவியந்தாங்கி. ஓவியத் தாங்கி என்று பிரித்தெழுதுவதிலும் இதுவே எனக்கு ஒப்பானது. அறத்தைத் தாங்குவது என்னும் பொருளில் அறந்தாங்கி என்று ஊர்ப் பெயர் அமைந்த விதத்தில், மகரம் நகரமாகத் திரிந்து, இரண்டாம் வேற்றுமைத் தொகையாக அது ஒரே சொல்லாய் நிற்கிறது. நம் பாடசாலைகளில் பாடத்தின் பெயர் சித்திரம் என்பதால், சித்திரந்தாங்கி என்று ஆசிரியர்கள் சொன்னாலும் அது பிழையாகாது. கரும்பலகையை நிறுத்துவதற்குப் பலகைதாங்கி என்று எழுதுக. சுமைதாங்கியைப் போல அங்கே வல்லினம் மிக வேண்டியதில்லை.

பேச்சில் நிலைமை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இவற்றைச் செய்து கொடுக்கும் தச்சர் ஒருவரிடம் பெயரைக் கேட்டேன். 'படம் வைக்கிற ஸ்ராண்ட்' என்றார். அவர் அப்போது முன்கால்களில் வரிசையாகத் துளையிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலில் இட்ட துளைக்கு நேரே மற்றக் காலில் துளை அமையாவிட்டால் பலகை கோணலாக நிற்கும் என்பதால், இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளைக்கிறார். பிறகு விரல் நீளத்தில் இரண்டு வேப்ப முளைகளைச் செதுக்கி, ஒரு துளையில் சொருகிப் பார்த்து, இறுக்கமாக இருந்ததும் மீண்டும் சீவினார். மாரியில் மரம் ஊதினால் முளையை வெளியே எடுக்க முடியாது என்றார். இவ்வளவு நுட்பம் தெரிந்த ஒருவர் ஸ்ராண்ட் என்று சொல்வதை நான் குறையாகக் காணவில்லை. எழுதுகிறவர்களாகிய நாம் நல்ல சொல்லைத் தொடர்ந்து எழுதினால், அவருடைய பேரப்பிள்ளைகள் அதைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு அவருக்கே சொல்லக்கூடும்.

வினா: படத்தை மேசையில் வைத்து வரையலாமே? சாய்த்து நிறுத்துவது ஏன்? மூன்று கால் மட்டும் ஏன்? (சாதாரணதர மாணவி, வட்டுக்கோட்டை)

விடை: பெரிய தாளொன்றை மேசையில் விரித்து ஒரு முகத்தை வரைந்து, பிறகு அதைச் சுவரில் சாத்திப் பாருங்கள், நெற்றி நீண்டிருக்கும். மேசையில் கிடக்கும் தாளின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தூரத்திலும் கீழ்விளிம்பு கிட்டவும் இருப்பதால், மேற்பகுதி குறுகித் தோன்றும். கை அதைச் சரிக்கட்ட நீட்டி வரைந்துவிடும். தாள் நிமிர்ந்து கண்ணுக்கு நேராக நின்றால் அந்தப் பிழை நேராது. பின்னால் நாலடி நடந்து போய் முழுப்படத்தையும் பார்த்துவிட்டு வரவும் முடியும். எண்ணெய் வண்ணம் பளபளப்பதால் சிலர் பலகையின் மேற்புறத்தைச் சற்றே தம் பக்கம் சாய்த்துக்கொள்வர். நீர்வண்ணத்துக்கு மட்டும் இது பொருந்தாது. நிமிர்த்தி வைத்தால் வண்ணம் வழிந்தோடும், ஆகவே ஏறக்குறையக் கிடையாகவே வைத்துத் தீட்டுவர்.

மூன்று கால் பற்றி உங்கள் அம்மம்மாவின் அடுப்படியில் விடை இருக்கிறது. மூன்று கல் வைத்த அடுப்பில் பானை ஆடாது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்பதால், நிலம் மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கால்களும் நிலத்தில் ஊன்றிவிடும்; நாலாவது கால் வந்தால் அது அந்தரத்தில் நின்று ஆடத் தொடங்கும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பின்கால் வழுக்கிப் போகாதிருக்க ஒரு கயிறோ சங்கிலியோ கட்டியிருப்பார்கள். 1841இல் ஜோன் கோஃப் ராண்ட் என்பவர் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வண்ணத்தைக் கெடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போவது இலகுவாயிற்று. அதன் பின் வயல்வெளியிலும் ஆற்றங்கரையிலும் வரையும் பழக்கம் ஐரோப்பாவில் பெருகியபோது, எந்த நிலத்திலும் நிற்கக்கூடிய, மடித்துத் தோளில் போடக்கூடிய ஈஸலுக்குத் தேவை மிகுந்தது.

வினா: நான் நகரத்தில் ஒரு பழைய புகைப்பட நிலையத்தில் பல வருடம் வேலை செய்தவன். இருட்டறையில் படத்தைப் பெருப்பிக்கும் கருவியின் கீழே வைக்கும் தட்டையான உலோகச் சட்டத்தையும் ஈஸல் என்றே சொல்வோம். அதற்குக் காலே இல்லையே? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

விடை: நீங்கள் எழுதியது முற்றிலும் சரி, வினாக்களுள் இதுவே என்னைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தது. இருட்டறை ஈஸல் நிமிர்ந்து நிற்பதில்லை. கிடையாகக் கிடந்து, ஒளி படியும் தாளைச் சுருளாமல், அசையாமல், குவியத்தில் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. அதன் விளிம்புத் தகடுகள் தாளின் ஓரத்தை மறைப்பதால்தான் பழைய படங்களைச் சுற்றி வெள்ளைக் கரை விழுந்தது. காலும் சாய்வும் போய்விட்டன. படத்தைத் தாங்கிப் பிடிக்கும் தொழில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொல்லின் பொருள் காலில் இல்லை, தாங்குவதிலேயே இருக்கிறது என்பதை உங்கள் இருட்டறை காட்டுகிறது. முக்காலி என்ற பெயரை நான் மேலே மறுத்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே வழியில் பொருள் விரிந்த இன்னொரு தொடரும் உண்டு. கலை வரலாற்றாசிரியர்கள் ஈஸல் ஓவியம் என்று எழுதும்போது, அந்தப் படம் இப்போது ஈஸலில் நிற்கிறது என்று கருதுவதில்லை. சிகிரியாவின் பாறையில் உள்ளதுபோல இடத்தோடு ஒட்டிப் பிறந்த ஓவியத்துக்கு எதிராக, தனிப் பலகையிலோ துணியிலோ தீட்டி எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஓவியத்தையே அப்படிச் சொல்கின்றனர். அங்கே ஓவியந்தாங்கி என்று மொழிபெயர்த்தால் வாசகருக்கு விளங்காது. பெயர்த்தெடுக்கும் ஓவியம் என்று பொருளை எழுதிவிடுவதே நல்லது.

உங்கள் கருவிக்கு ஓவியந்தாங்கி பொருந்தாது. தாள்பிடிசட்டம் என்று நான் எழுதிப் பார்க்கிறேன், ஆனால் முழு நிறைவு இல்லை. அந்த இருட்டறையில் உங்களுக்கு முன்பிருந்த மூத்தவர்கள் ஆங்கிலச் சொல்லை விட்டு அதை வேறு ஏதேனும் பெயரால் அழைத்திருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.